பதக்கமும் பெட்டியும்

சென்ற சுதந்திர தினத்தன்று நம் பள்ளிக் கண்காட்சியில் எங்கள் அப்பாவின் கார்கில் போர்ப் பதக்கத்தை வைத்திருந்தோம். பார்த்தவர்கள் எல்லாரும், "எந்தச் சிகரத்தைப் பிடித்தார்?" என்றே கேட்டனர். "சிகரம் ஏறவில்லை, லாரி ஓட்டினார்" என்றதும், "ஓ, டிரைவர்தானா!" என்று அடுத்த மேசைக்குப் போய்விட்டனர். அக்காள் தங்கையர் நாங்கள் இருவரும் இதை எழுதக் காரணம் அந்தத் "தானா"தான்.

1999-ஆம் ஆண்டு மே முதல் ஜூலை வரை நடந்த அப்போரில் நம் பீரங்கிப் படை சுட்ட குண்டுகள் ஏறக்குறைய 2,50,000 என்பர். 155 மில்லிமீட்டர் பீரங்கியின் ஒரு குண்டே 40 கிலோவுக்கு மேல் கனக்கும். அவை தாமாகவா மலையேறின? ஸ்ரீநகரிலிருந்து லே செல்லும் சாலை, 11,500 அடி உயரமுள்ள சோஜி லா கணவாயைத் தாண்டித் திராஸ் வழியே போகிறது. சிகரங்களில் பதுங்கியிருந்த எதிரிக்கு அச்சாலை நன்றாகத் தெரியும். ஆகவே இரவில், முன்விளக்கை அணைத்துவிட்டு ஓட்ட வேண்டும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம்.

சிகரம் ஏறியவர்களை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. திருச்சி மேஜர் சரவணன் மே 29-இல் பட்டாலிக் மலையில் உயிர் நீத்தார். அவர் உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. திருச்சியில் அவர் நினைவிடத்தைக் கடக்கும்போதெல்லாம் அப்பா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுத்தான் போவார்.

பதக்கத்தைவிட எங்களுக்கு அருமையானது அப்பாவின் கறுப்பு டிரங்குப் பெட்டி. அதில் ஒரு மணி குறைந்த ஜெபமாலையும், அப்பாயிக்கு எழுதிய ஏழு நீல இன்லண்டு கடிதங்களும் இருக்கின்றன. அனுப்புநர் முகவரியில் ராணுவத் தபால் எண் மட்டுமே. எந்த இடம் என்று யாரும் அறிய முடியாது. அப்பாயிக்கு எழுத்து தெரியாது. உபதேசியார்தான் படித்துக் காட்டுவாராம். "நான் நலம். இங்கே குளிர் அதிகம். ஆடு குட்டி போட்டதா?" ஏழிலும் ஏறக்குறைய இவ்வளவே. அப்பாயி ஒவ்வொன்றையும் மூன்று முறை படிக்கச் சொல்வாராம். அடுத்த கண்காட்சியில் பதக்கத்துக்குப் பக்கத்தில் இக்கடிதங்களும் இருக்கவேண்டும் என்பது எங்கள் கருத்து. பொறுப்பான சிஸ்டரிடமும் சொல்லியிருக்கிறோம்.

பெட்டியில் ஒரு புகைப்படமும் உண்டு. லாரியில் சாய்ந்தபடி ஐந்து பேர் சிரிக்கிறார்கள். கடைசியில் நிற்பவர் திரும்பி வரவில்லை. அப்பா அவர் பேரைச் சொன்னதே இல்லை. ஆனால் நவம்பர் 2 கல்லறைத் திருநாளில், தாத்தாவின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றியபின், ஓரமாக இன்னொன்று ஏற்றுவார்.

வீட்டிலுள்ள ராணுவப் படங்களின் பின்புறம் அதிலிருப்போரின் பேர்களை எழுதி வைக்கவேண்டும். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்கிறோம். "பழைய புண்ணைக் கிளறாதீர்கள்" என்றார் அம்மா. அதிலும் நியாயம் இருந்தது. இரண்டு வாரம் தயங்கிய பிறகே படத்தை அப்பாவிடம் நீட்டினோம்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனா கேட்டார். ஐந்து பேர்களையும் எழுதி, கடைசிப் பேருக்குக் கீழே ஓர் ஊரின் பேரையும் எழுதினார்.

அப்பேரை இங்கே அச்சிடவில்லை. அவர் வீட்டாரைக் கேட்காமல் போடுவது முறையன்று. அவ்வூருக்கு அப்பா கடிதம் போட்டிருக்கிறார்.