கலையா, களையா, கழையா? ஹெட்போனும் ஆம்ப்ளிஃபையரும் பற்றிச் சில சொற்கள்



தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் ஹெட்போனைப் பற்றி எழுத வேண்டிய தேவை என்ன என்று சிலர் வியக்கக்கூடும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் பிள்ளைகள் இல்லத்தில் இருந்தே பயின்ற காலத்திற்குப் பிறகு, என்னிடம் பெற்றோர் மிகுதியாகக் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "டீச்சர், பிள்ளைக்கு எந்த ஹெட்போன் வாங்கலாம்?" என்பதுதான். இசை கேட்பது என் நெடுநாள் பித்து என்பதைத் தெமியாங் வட்டாரத்தில் பலர் அறிவர். ஆகவே கேட்கிறார்கள். வாசற்படியில் நின்றபடி இரண்டு நிமிடங்களில் சொல்லி முடிக்கக்கூடிய விடையன்று இது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹெட்போனின் விலையைக் காட்டிலும், அது எதனோடு இணைக்கப்படுகிறது என்பதும், மனிதக் குரலை எவ்வளவு நேர்மையாகத் தருகிறது என்பதுமே முதன்மையானவை. நாமோ பெரும்பாலும் விலையையும் 'பேஸ்' அதிர்வையும் பார்த்தே வாங்குகிறோம்.

என் வீட்டில் இப்பொழுது ஐந்து ஹெட்போன்கள் உள்ளன. (ஏழு என்பார் என் கணவர். பழுதடைந்த இரண்டையும் அவர் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்.) சென்ற பள்ளி விடுமுறையில் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒப்பீட்டிற்கு மூன்று பொருள்களை எடுத்துக்கொண்டேன். இளையராஜாவின் 1986ஆம் ஆண்டு இசைத்தொகுப்பான 'ஹவ் டு நேம் இட்', அதில் வரும் நரம்புக் கருவிகளுக்காக. 1992இல் வெளிவந்த 'ரோஜா' படப் பாடல்கள், ஏ. ஆர். ரகுமானின் அடிநாதத்திற்காக. மூன்றாவது, என் குரலிலேயே நான் பதிவு செய்த சொற்பட்டியல்: கலை, களை, கழை, வலி, வளி, வழி, மனம், மணம்.

ஒப்பிடும்போது ஓர் எச்சரிக்கை தேவை. இரண்டு கருவிகளுள் சற்றே உரத்து ஒலிப்பதையே நம் செவி 'சிறந்தது' என்று தீர்ப்பளித்துவிடும். வேறுபாடு ஒரு டெசிபலுக்கும் குறைவாக இருந்தாலும், உரத்து ஒலிப்பதாக அதை உணராமல், தெளிவு என்றே நினைத்துவிடுவோம். ஆதலால் ஆம்ப்ளிஃபையர்களை ஒப்பிடும்போது மின்னழுத்தத்தை அளந்து சமப்படுத்திக்கொண்டேன். எது இணைக்கப்பட்டுள்ளது என்று எனக்குத் தெரியாதபடி என் கணவர் கம்பிகளை மாற்றித் தந்தார். பெருமையுடன் நான் விவரித்து வந்த பல வேறுபாடுகள் அந்த ஒரு மாலைப் பொழுதிலேயே காணாமற்போயின!

முதலில் சென்ஹைசர் எச்டி 600. 1997இல் வெளிவந்த இந்த ஹெட்போன் இன்றளவும் பலருக்கு அளவுகோலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. குரலை முன்னுக்கும் தள்ளாமல், பின்னுக்கும் இழுக்காமல், ஒருவர் எதிரே அமர்ந்து பேசுவதுபோல் தருகிறது. 'கழை' என்ற சொல்லில் நா மடங்கும் அந்த நொடி கேட்கிறது. உடன் பணிபுரியும் நண்பரிடம் இரவல் வாங்கிய எச்டி 650 (2003) இதன் தம்பி. சற்று மென்மை, சற்று வெதுவெதுப்பு, நள்ளிரவில் நெடுநேரம் கேட்க இதமானது. இரண்டுமே பின்புறம் திறந்த வகையைச் சேர்ந்தவை. ஒலி வெளியே கசியும், வெளியோசை உள்ளே புகும். பிற்பகல் மழை தகரக் கூரையில் கொட்டத் தொடங்கினால் எனக்கு வயலினும் இல்லை, வாத்தியமும் இல்லை.

பேயர்டைனமிக் டிடி 990 முற்றிலும் வேறு குணம் உடையது. உச்ச ஒலிகள் பளபளக்கின்றன, வயலின் மின்னுகிறது, ஆனால் ஒவ்வொரு 'ஸ'கரமும் ஊசியாய்க் குத்துகிறது. ஏகேஜி கே 701 பரந்த மேடையொன்றை விரித்து வைக்கிறது. எனினும் 'ரோஜா'வின் அடிநாதம் அங்கே மெலிந்து நிற்கிறது. கோஸ் போர்ட்டா புரோ 1984ஆம் ஆண்டின் வடிவமைப்பு. பார்ப்பதற்கு விளையாட்டுப் பொருள் போலிருக்கும். பேஸ் சற்றுக் கூடுதல்தான், ஆயினும் அதன் விலைக்கு அது தரும் குரல் வியப்பிற்குரியது. ஐந்தாவதாகிய சோனி எம்டிஆர் 7506க்குப் பிறகு வருகிறேன்.

இனி, பலர் பணத்தை இழக்கும் இடமாகிய ஆம்ப்ளிஃபையர்.

ஒவ்வொரு ஹெட்போனுக்கும் மின்மறுப்பு என்றோர் அளவு உண்டு; ஓம் என்ற அலகால் குறிப்பர். எச்டி 600க்கு 300 ஓம். கே 701க்கு 62 ஓம். கைப்பேசியோடு பயன்படுத்தும் பெரும்பாலான ஹெட்போன்களுக்கு 32 ஓம் அல்லது அதையொட்டிய அளவு. ஓம் மிகுந்தால் ஆம்ப்ளிஃபையர் கூடுதல் மின்னழுத்தம் தர வேண்டும். ஓம் குறைந்து, உணர்திறனும் குறைவாக இருந்தால் கூடுதல் மின்னோட்டம் தர வேண்டும். கே 701 இந்த இரண்டாம் வகை. ஓம் எண்ணை மட்டும் பார்த்து 'இது எளிது' என்று வாங்கியவர்கள் ஏமாந்தது அதனால்தான்.

ஆம்ப்ளிஃபையருக்கும் தன்னளவில் ஒரு வெளியீட்டு மின்மறுப்பு இருக்கிறது. அது ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்கிற்கு மேல் போகாதிருப்பது நலம் என்பது துறையில் வழங்கும் கணக்கு. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம். 300 ஓமுக்கு ஏறத்தாழ 37 ஓம். மீறினால் என்ன ஆகும்? ஹெட்போனின் மின்மறுப்பு எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. எச்டி 600 வகையில் அது அடிநாதப் பகுதியில் ஏறத்தாழ 500 ஓம் வரை உயர்கிறது. 100 ஓம் வெளியீடு கொண்ட வால்வு ஆம்ப்ளிஃபையரில் அதை மாட்டினால், அந்தப் பகுதி மட்டும் ஏறக்குறைய ஒரு டெசிபல் எழும்பி ஒலிக்கும். 'வால்வின் இனிமை' என்று நாம் உருகுவதில் ஒரு பகுதி இந்த ஒரு டெசிபல்தான். தவறில்லை, எனக்கும் பிடிக்கும். ஆனால் அதே ஆம்ப்ளிஃபையரில் 32 ஓம் ஹெட்போனை மாட்டினால், மின்னழுத்தத்தில் கால் பங்கே செவியைச் சேரும். ஓசையின் சமநிலையும் குலையக்கூடும். விலையுயர்ந்த இரண்டு நல்ல பொருள்கள் சேர்ந்து ஒரு மோசமான இணையாகிவிடும்.

மறுபக்கம், ஆம்ப்ளிஃபையரே தேவைப்படாத இடத்தில் அதை வாங்கச் சொல்வோரும் உளர். எச்டி 600 ஒரு வோல்ட்டில் 97 டெசிபல் தரும் என்பது தயாரிப்பாளர் குறிப்பு. ஒரு வோல்ட்டை இன்றைய சிறு இணைப்புக் கம்பிகள் சிலவே தந்துவிடுகின்றன. உரைநடை கேட்கவும், அளவோடு பாடல் கேட்கவும் அது போதும். கண்ணை மூடிக்கொண்டு நான் நடத்திய சோதனையில், ஒலியளவைச் சமப்படுத்திய பிறகு, அந்தக் கம்பியையும் என் மேசை ஆம்ப்ளிஃபையரையும் எச்டி 600இல் என்னால் பிரித்தறிய முடியவில்லை. கே 701இல், உரத்த இடங்களில் மட்டும் பிரித்தறிந்தேன். இதைச் சொல்வதற்குச் சற்று நாணமாகத்தான் இருக்கிறது. மேசை ஆம்ப்ளிஃபையரைத் தேடி எத்தனை சனிக்கிழமைகள் சிரம்பானிலிருந்து கொமுட்டர் ஏறி லோயாட் பிளாசாவிற்கு அலைந்திருப்பேன்!

விலையைப் பற்றிய என் ஐயத்திற்கு ஆய்வுத் துணையும் உண்டு. யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை ஆராய்ந்து 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒலியின் அதிர்வெண் சமநிலைக்கும் கடை விலைக்கும் தொடர்பு காணப்படவில்லை என்பதே அதன் முடிவு.

இவையெல்லாம் பித்தர்களின் கவலை என்று நானும் நினைத்திருந்தேன், எங்கள் கணினிக் கூடத்திற்குள் ஒரு நாள் ஹெட்போனை நானே மாட்டிப் பார்க்கும் வரை.

தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில் தமிழ்மொழியின் முதல் திறன் கேட்டல், பேச்சு. நான் சொற்களைப் பதிவு செய்து ஒலிக்க விடுவேன்; மாணவர்கள் கேட்டு எழுதுவார்கள். மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் தொடர்ந்து 'கலை'க்குக் 'களை' என்றும், 'மனம்' என்பதற்கு 'மணம்' என்றும் எழுதி வந்தான். 'கேட்டல் திறனில் கவனம் தேவை' என்று அவனுடைய பதிவேட்டில் இரு முறை எழுதினேன். அடைவுநிலையும் குறைத்தே இட்டேன். ஒரு நாள் அவனுடைய இடத்தில் அமர்ந்து அதே ஹெட்போனை மாட்டினேன். என் குரலே எனக்குப் புரியவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல் இருந்தது.

காரணங்கள் இரண்டு. ஒன்று, அவை கணினி விளையாட்டுக்கென விற்கப்படுபவை. வெடியோசை அதிர வேண்டும் என்பதற்காக பேஸ் ஏற்றப்பட்டவை. ல, ள, ழ ஆகியவற்றின் வேறுபாடு ஏறத்தாழ 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான நடுப்பகுதியில்தான் பெரிதும் அமைந்திருக்கிறது. நா மடங்க மடங்க அங்கேயுள்ள ஒலிச்செறிவு கீழிறங்குகிறது. தாழ்ந்த அதிர்வெண்கள் உரத்து ஒலித்தால் தமக்கு மேலுள்ளவற்றை மறைக்கும் என்பது செவியின் இயல்பு. (தோட்டத்து லயத்தில் என் பெற்றோர் வைத்திருந்த பழைய வானொலியில் பேஸ் என்பதே கிடையாது. ஆனால் செய்தி வாசிப்பவரின் ழகரம் அடுத்த வீடு வரை கேட்கும்.)

இரண்டாவது காரணத்திற்கு நானே பொறுப்பு. ஒரே கணினியிலிருந்து எட்டுப் பேர் கேட்கட்டும் என்று, ஒன்றை எட்டாகப் பிரிக்கும் கம்பியை மாட்டியவள் நான்தான். 32 ஓம் ஹெட்போன்கள் எட்டினை இணையாகக் கோத்தால் மொத்தம் 4 ஓம். கணினியின் சிறிய வெளியீட்டால் அதைத் தாங்க இயலாது. ஒலி தேயும், அளவை முழுமையாகக் கூட்டினால் சிதையும். வீட்டில் எட்டில் ஒரு பங்குக் கணக்குப் பார்ப்பவள், பள்ளியில் அதை மறந்துபோனேன்.

மறுவாரம் என் சோனி 7506ஐப் பள்ளிக்கு எடுத்துச் சென்றேன். 1991இல் ஒலிப்பதிவுக் கூடங்களுக்காக வந்தது. மூடிய வகை, 63 ஓம், சாதாரணக் கணினியிலேயே நன்கு ஒலிக்கும். உச்ச ஒலி சற்றுக் கடினமானது. இரவில் இளையராஜாவைக் கேட்க நான் அதை எடுப்பதில்லை. ஆனால் சொற்களை உரித்து வைத்தாற்போல் தரும். அந்த மாணவன் அதை மாட்டிக்கொண்டு எழுதினான். 'கலை', 'களை' பிழையில்லை. 'மனம்', 'மணம்' பிழையில்லை. 'களை', 'கழை' மட்டும் முன்போலவே குழம்பின. அந்தக் குழப்பம் ஹெட்போனால் வந்ததன்று. வீட்டிலும் தெருவிலும் அவன் கேட்கும் பேச்சில் ழகரமே இல்லை. அதற்கு ஆசிரியரின் வாய்தான் மருந்து, கருவியன்று. அவனுடைய பதிவேட்டைத் திருத்திவிட்டேன்.

எனவே கணினிக் கூடத்திற்கு ஹெட்போன் வாங்கித் தர முன்வரும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு என் வேண்டுகோள்: மூடிய வகை, 32 முதல் 80 ஓம் வரை, பேஸ் ஏற்றப்படாதது, காதுறை மாற்றக்கூடியது. பிரிப்புக் கம்பியைத் தவிர்த்து, நான்கு வெளியீடுகள் கொண்ட சிறிய பகிர்வு ஆம்ப்ளிஃபையர் இரண்டு வாங்குங்கள். ஒவ்வொரு மாணவனுக்கும் தனித்தனி ஒலியளவுக் குமிழ் அதில் இருக்கும். எச்டி 600 போன்றவை வகுப்பறைக்கு உதவா. பக்கத்து மாணவனின் சொல்லும் காதில் விழும்.

ஒலியளவில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு வாரத்திற்கு 40 மணி நேரம் 75 டெசிபல் என்பதே உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ள எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 84 டெசிபலில் வாரத்திற்கு ஐந்தே மணி நேரம். நல்ல ஹெட்போனின் பெரும்பயன் இங்கேதான்: சொல் தெளிவாக இருந்தால் பிள்ளை ஒலியைக் கூட்டுவதில்லை. எங்கள் கூடத்தில் ஏழு குமிழ்கள் தாமாகவே கீழிறங்கின.

எட்டாவது இறங்கவில்லை. நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி, எதை மாட்டினாலும் முழு அளவிற்குத் திருப்பினாள். 7506ஐத் தந்தேன், அப்படியே. மறுநாள் வீட்டிலிருந்து எச்டி 600ஐயே கொண்டுபோய், ஆளில்லாத நூலகத்தில் மாட்டிப் பார்த்தேன், அப்படியே. அவளுடைய தந்தையாரை அழைத்துப் பேசினேன். "இன்னும் நல்ல ஹெட்போனா வாங்கிடவா டீச்சர்? விலையப் பத்திக் கவலையில்ல," என்றார். வாங்க வேண்டாம் ஐயா, முதலில் செவிச் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள் என்றேன். நடுச்செவியில் நீர் கட்டியிருந்தது. சிகிச்சை முடிந்து திரும்பி வந்த வாரம், கேட்டு எழுதும் பயிற்சி தொடங்கும்முன் அவளே குமிழைப் பாதிக்குக் குறைத்துவிட்டு, "டீச்சர், ரொம்ப சத்தமா வச்சிருக்கீங்க," என்றாள்.