பிடுங்குவது ஒன்றுதான் வைத்தியமா?



பல் வலித்தால் "பிடுங்கிப் போட்டுட்டு வா, தொல்லை விட்டது" என்பது நம் தோட்டப்புறங்களில் பழகிப்போன பேச்சு. டிரஸ்ஸர் மட்டுமே இருந்த அந்தக் காலத்தில் வேறு வழி தெரியாமல் இருந்திருக்கலாம். இன்று பேராவில் ஈப்போ, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் எங்கும் அரசாங்கப் பல் கிளினிக் இருக்கிறது. இன்னும் ஏன் பிடுங்கியே தீர்க்க வேண்டும்?

வலி வந்த அன்று பல் கெடுவதில்லை. பல மாதங்களுக்கு முன்பே, இரண்டு பல் ஒட்டி நிற்கும் இடுக்கில் சொத்தை தொடங்கிவிடும். தேத்தண்ணிச் சீனியும் பிஸ்கட் மாவும் அங்கே தங்கும். வாயிலுள்ள கிருமிகள் அதைத் தின்று அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் பல்லின் மேல்பூச்சான எனாமலைக் கரைக்கும். எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். போத்தலில் இனிப்புத் தேத்தண்ணி கொண்டுபோய், நிரைக்கு நிரை ஒரு மடக்குக் குடித்தால் எச்சிலுக்கு ஓய்வேது? எனாமலுக்கு உள்ளே இருப்பது மென்மையான பகுதி. அங்கே சொத்தை வேகமாகப் பரவும். வெளியே பார்த்தால் பல் முழுசாகவே தெரியும்!

"நான்தான் தினமும் பல் விளக்குறேனே" என்பீர்கள். பிரஷ்ஷும் வேப்பங்குச்சியும் இடுக்குக்குள் நுழையா. அதற்கென்றே பல் நூல் மருந்துக் கடையில் கிடைக்கிறது. படுக்குமுன் ஒரு முழம் எடுத்து, இரு கை விரல்களிலும் சுற்றி, மெல்ல இடுக்கில் இறக்கி, ஒவ்வொரு பல்லின் பக்கத்தையும் அணைத்தாற்போல் மேலும் கீழும் துடையுங்கள். ஊக்கு, தீக்குச்சி வேண்டாம், ஈறு புண்ணாகும்.

குழாய்த் தண்ணீரில் புளோரைடு சேர்க்க அரசாங்கம் 1972-இல் முடிவு செய்தது. கிணற்று நீரும் ஆற்று நீரும் குடித்தவர்களுக்கு அந்தப் பலன் எட்டவில்லை. ஆகவே புளோரைடு பற்பசையால் இரண்டு வேளையும் விளக்குங்கள். நுரையைத் துப்பினால் போதும். உடனே வாய் கொப்பளிக்க வேண்டாம்.

"வேலையை விட்டுட்டு எப்படிக் கிளினிக் போறது?" என்று தயங்காதீர்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, பல் டாக்டர் தரும் சான்றுக்கும் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 14 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு 22 நாள். பல்லுக்கு எம்.சி. செல்லாது என்று யாராவது சொன்னால் சங்கத்திடம் வாருங்கள்.

வலி வருமுன் போனால் எக்ஸ்ரேயில் இடுக்குச் சொத்தை தெரிந்துவிடும். சிறிதாக இருக்கும்போதே அடைத்துவிடலாம். பிடுங்குவது கடைசி வைத்தியம். அதை முதல் வைத்தியமாக்கிப் பொக்கை வாயைப் பிள்ளைகளுக்கும் பழக்கமாக்காதீர்கள்!