இரு செவிக்கு இரு பெட்டி

வீட்டுக் கூடத்தில் ஐந்து ஒலிப்பெட்டிகளும், தரையை அதிரவைக்கும் ஆறாவது பெட்டியொன்றும் குடியேறிவிட்ட பிறகு, இரண்டே பெட்டிகளின் முன் அமர்ந்து பாட்டுக் கேட்கும் வழக்கம் நிலைக்குமா என்னும் வினாவை இசை நாட்டமுடையோர் பலர் எழுப்பக் கேட்கிறோம். நிலைக்கும் என்பதே நம் கருத்து. ஆயின், அதற்கு நேரும் கேடு அவர்கள் சுட்டும் திசையிலிருந்து வருவதன்று.

ஸ்டீரியோ எனப்படும் ஈரொலி முறையும், ஹோம் தியேட்டர் எனப்படும் இல்லத் திரையரங்கும் பகைவர் அல்லர்; ஒரு குடிப் பிறந்தவையே. (ஈரொலி என்னும் சொல்லைத் தமிழாசிரியர் என்ற உரிமையில் ஆள்கிறோம், கடைக்காரரிடம் சொன்னால் விளங்காது.) 1931ஆம் ஆண்டு இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் இம்முறைக்குக் காப்புரிமை கோரினார். திரையில் நடிகர் ஒரு கோடியினின்று மறு கோடிக்கு நடக்க, குரல் மட்டும் ஓரிடத்திலிருந்தே ஒலித்ததைக் கண்டே அவர் இதில் இறங்கினார் என்பர். எனவே, இசைச் சுவைஞர் தமக்கேயுரியதெனக் கொண்டாடும் ஈரொலி, உண்மையில் திரைப்படக் கொட்டகை பெற்ற பிள்ளை. 1933இல் பிலடெல்பியா இசைக்குழுவின் இசையைக் கம்பி வழியே வாஷிங்டனுக்கு அனுப்பிக் காட்டிய பெல் ஆய்வகத்தார் மூன்று தடங்களைக் கையாண்டனர். பின்னர் இரண்டு என்னும் எண் வீடுகளில் வேரூன்றியதற்கு, இசைத்தட்டின் அமைப்பே பெருங்காரணம். ஊசி ஓடும் பள்ளத்திற்குச் சுவர்கள் இரண்டு. சுவர் ஒன்றுக்கு ஒரு தடம். 1950களின் இறுதியில் இத்தகைய தட்டுகள் கடைகளுக்கு வந்தன.

எனினும், அவ்விரண்டு நம் செவிக்கு இசைந்த இரண்டாகவும் அமைந்தது. திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்து மணற்பரப்பில் கண்மூடி நின்றாலும், மறுகரைப் பழைய சீவரத்துப் பக்கம் செல்லும் பேருந்து எத்திசையில் போகிறது என்று சொல்லிவிடலாம். ஒரு காதுக்கும் மறு காதுக்கும் ஒலி வந்து சேரும் நேர வேறுபாடு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைக் கொண்டே மூளை திசையறிகிறது. இரு பெட்டிகளும் கேட்பவரும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமைந்தால், பாடகரின் குரல் பெட்டியே இல்லாத நடுவெளியில் எழும். அந்த வெற்றிடத்துக் குரலே ஈரொலியின் அழகு.

நம் பகுதியில் அது எவ்வாறு வந்தது என்பதை மூத்தோர் அறிவர். 1980களில் வளைகுடா சென்று திரும்பியோர் தோளில் சுமந்து வந்த டூ-இன்-ஒன் பெட்டியே பல வீடுகளுக்கு முதல் ஸ்டீரியோ. தமிழ்த் திரைப்பாடல்கள் ஈரொலியில் பதிவானதற்கு முன்னோடியாக 1978இல் வெளிவந்த 'ப்ரியா'வைச் சொல்வர். இளையராசாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986இல் வந்தபோது, வலப்புறம் எந்தக் கருவி, இடப்புறம் எந்தக் கருவி என்று இளைஞர் வாதிட்டதை நாம் கேட்டிருக்கிறோம். இலக்கணம் படியாதவரும் அன்று இசையைப் பிரித்துப் பொருள் கண்டனர்! 1995இல் 'குருதிப்புனல்' டால்பி ஒலியுடன் திரையேறிய பின், சூழொலி கேட்கும் ஆசை வீடுகளையும் பற்றிக்கொண்டது. ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கிப் பூட்டிய ஆறு பெட்டித் தொகுதிகள் சிற்றூர்களுக்கும் வந்து சேர்ந்தன.

திரைப்படத்திற்கு அவை தக்கவையே. உரையாடல் நடுப்பெட்டியிலும், மழை பின்பெட்டியிலும் ஒலிப்பதை நாம் குறைகூறோம். இரு தடத்தில் பதிந்த பாட்டை ஆறு பெட்டிக்கும் பங்கிட்டு ஊதிப் பெருக்குவதே தகாது. நடுவெளிக் குரலை நடுப்பெட்டிக்குள் அடைத்து, பின்பெட்டியில் பொய்யெதிரொலி கூட்டி, மத்தளத்தை இடியாக்கிவிடுகின்றனர். நாகூர் ஹனீபாவின் தொடக்ககால இசைத்தட்டுகள் ஒற்றைத் தடத்தில் பதிந்தவை. அக்கம்பீரக் குரலுக்கு இந்த அலங்காரம் எதற்கு? ஒரு பொத்தானை அழுத்தினால் கருவி இரு பெட்டி நிலைக்குத் திரும்பும். அப்பொத்தானைத் தேடுவோர்தாம் அரியர்.

பொறி நிலையில் ஈரொலி அழியவில்லை. மாணவர் காதில் செருகியிருப்பதும் இரு தடமே. அழிந்து வருவது, நால்வர் கூடி ஒரே ஒலிமுன் வாய்மூடி அமரும் பழக்கம். காதணிக்கருவி ஒருவருக்கே உரியது. இல்லத் திரையரங்கோ கண்ணுக்கு முதலிடம் தந்து செவியைப் பின்னிருக்கையில் அமர்த்துவது. இவ்விரண்டிற்கும் இடையில் கூடத்துக் கேள்வி இடமிழந்தது.

அதனோடு மற்றொன்றும் போகிறது. திருமண வாழ்த்துகள், ஊர்ப் புலவரின் உரை, பாட்டியர் தாலாட்டு, வளைகுடாவுக்குக் கடிதத்திற்கு மாற்றாகப் பேசி அனுப்பிய ஒலிநாடாக்கள் ஆகியவை பரண்களில் பூசணம் பூத்துக் கிடக்கின்றன. வீரராசேந்திரன் காலத்தில், பதினோராம் நூற்றாண்டில், 15 படுக்கை கொண்ட மருத்துவமனைக்கும் கல்விச்சாலைக்கும் வகுத்த செலவுக்கணக்கைத் திருமுக்கூடல் கோயிற் சுவர் இன்றும் சொல்கிறது. நம் பெற்றோர் குரலோ நாற்பதாண்டு நாடாவில் உதிர்கிறது.

ஆதலின் தமிழ்த்துறைக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். துறைக்கென ஓர் அறை, இரண்டு பெட்டிகள், நல்ல நிலையிலுள்ள ஒரு நாடாக்கருவி, ஒலியைக் கணினியில் ஏற்ற ஒரு மாணவர் குழு ஆகியன போதும், திரை வேண்டா. ஏற்றிய நாடாவை வாரம் ஒருநாள் அனைவரும் அமர்ந்து கேட்கட்டும். பெரியோர் தம் நாடாக்களை மழைக்காலத்திற்கு முன் எடுத்துத் தரவேண்டும். பூசணம் படிந்ததை வீட்டுக் கருவியில் ஓட்டிப் பார்க்கவேண்டா, நாடா அறுந்துபோகும். பெட்டிமேல் பேசியவர் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதி, உள்ளபடியே கொண்டுவந்தால் போதும்.