நாயிற் பிறந்த நற்சொல்

விலங்கின் பெயரைக்கொண்டு மாந்தரின் பண்பைச் சுட்டுவது எல்லா மொழிக்கும் இயல்பு. ஆங்கிலத்தில் கோவேறு கழுதையின் முரட்டுத்தனத்துக்கும், செம்மறியாட்டின் அசட்டு நாணத்துக்கும், நரியின் தந்திரத்துக்கும் தனித்தனிப் பெயரடைகள் உண்டு. அவை பெரும்பாலும் இகழ்ச்சிக்கே பயன்படுவன ஆதலின், தமிழாக்குவோர்க்குப் பெரும் இடர் தருவதில்லை. இகழ்ச்சியிற் பிறந்து புகழ்ச்சிக்கு உயர்ந்த ஒரு சொல்லே நம் மாணவர்களை மீண்டும் மீண்டும் இடறச் செய்கிறது. நாயைக் குறிக்கும் 'டாக்' என்பதனடியாகப் பிறந்த 'டாகிட்' என்னும் பெயரடையே அது.

முதற்கண் ஒலிப்பு. பெயரடையாக வருங்கால் இச்சொல்லை 'டாகிட்' என ஈரசையாக ஒலித்தல் வேண்டும். இதே எழுத்துகள் 'பின்தொடர்ந்தது' என்னும் இறந்தகால வினையாகும்போது 'டாக்டு' என ஓரசையாகச் சுருங்கிவிடும். கற்றறிந்தவரைக் குறிக்கும் 'லேர்னிட்' என்பதற்கும், கற்றார் என்னும் வினைக்கும் இடையிலுள்ள வேறுபாடு போன்றதே இது. நண்டின் பெயரிலிருந்து 'கிராபிட்' என்றொரு பெயரடையும் இவ்வாறே பிறந்து, சிடுசிடுப்பான மனிதரையும் படிக்கவொண்ணாத கையெழுத்தையும் குறிக்கிறது. விடைத்தாள் திருத்துவோர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. நாம் கோழியின்மேல் ஏற்றும் பழியை ஆங்கிலேயர் நண்டின்மேல் ஏற்றினர், அவ்வளவே.

இடைக்கால ஆங்கிலத்தில் 'டாகிட்' என்றால் நாய்க்குணம் உடையவன், அதாவது கொடியவன், கடுகடுப்பானவன், இழிந்தவன் என்பது பொருள். டாக்டர் சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட புகழ்பெற்ற அகராதியிலும் சிடுசிடுப்பு, முகவாட்டம், எரிச்சல் என்னும் பொருள்களே இதற்குத் தரப்பட்டன. ஆயின் 1773இல் எடின்பரோ நகரில் நண்பர்களிடையே உரையாடுகையில், மனம் ஒன்றி உட்கார்ந்துவிட்டால் எழுத்தாளன் எந்நேரமும் எழுதலாம் என்று கூறவந்த அதே ஜான்சன், அவ்வாறு உட்காரும் முறையைச் சுட்ட இச்சொல்லின் வினையடை வடிவத்தையே ஆண்டார். அதனைப் பாஸ்வெல் தம் பயணக் குறிப்பில் பதிவு செய்துள்ளார். ஜான்சனின் வாழ்நாளிலேயே சொல் திரும்பத் தொடங்கிவிட்டது. எனினும் பழைய கடுகடுப்பு முற்றும் நீங்கிற்றில்லை. முகமலர்ச்சியோடு செய்யும் முயற்சியை இச்சொல்லாற் குறிப்பது இன்றும் பொருந்தாது. பல்லைக் கடித்துக்கொண்டு, பேச்சைக் குறைத்து, சோர்வு வந்தபின்னும் விடாது செய்வதே இதன் உயிர்நிலை.

இந்நுட்பத்தை உணர்த்த டார்வினைவிடச் சிறந்த சான்று எனக்குக் கிட்டவில்லை. பாறைகளிலும் கப்பலின் அடிப்புறத்திலும் ஒட்டிவாழும் கொட்டலசு என்னும் சிற்றுயிரை அவர் 1846 முதல் 1854 வரை எட்டாண்டுகள் அறுத்தறுத்து ஆராய்ந்தார். அவர்தம் மகன் பிரான்சிஸ் 1887இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில், தந்தையின் மனநிலையைக் குறிக்க விடாமுயற்சி என்னும் பொதுச்சொல்லைக் காட்டிலும் 'டாகிட்' என்பதிலிருந்து வரும் பண்புப்பெயரே பொருத்தமானது என எழுதினார். உண்மையைத் தன்னை வெளிப்படுத்துமாறு வற்புறுத்தும் வேட்கை டார்வினிடம் இருந்ததாம்.

இப்பகுதியைத் தமிழாக்கும் மாணவர் 'டார்வினின் பிடிவாதம்' என்று எழுதினால் என்னாகும்? கொண்ட கருத்தைச் சான்று கண்டும் விடாதவர் என்னும் பழி அவர்மேல் ஏறும். அவரோ தம் கோட்பாட்டுக்கு மாறான செய்தி கிடைத்தால் மறந்துபோகாதிருக்க உடனே குறித்துவைத்தவர்! ஒற்றைச் சொல் ஓர் அறிஞரின் நடத்தையையே திரித்துவிடுகிறது. போர்ச்செய்திகளில் இப்பெயரடையோடு வரும் 'எதிர்ப்பு' என்னும் சொல்லைப் 'பிடிவாதமான எதிர்ப்பு' என்று பெயர்ப்பதும் இத்தகையதே. மூலத்தில் இருந்த மதிப்பு பெயர்ப்பில் குறையாகிவிடும்.

அங்ஙனமாயின் தமிழில் எந்த விலங்கை நாடுவது? நாயே உதவாதா எனலாம். தன்மேல் வேல் பாய்ந்தபோதும் எறிந்தவனைக் கண்டு வாலாட்டும் நாயை நாலடியார் யானையினும் மேலாக வைத்துப் போற்றுகிறது. ஆனால் அங்கே பேசப்படுவது நன்றி, முயற்சியன்று. நம் பேச்சுவழக்கிலோ நாய் படாத பாடு உண்டு, நாயாய் அலைந்ததுண்டு. அவை பயனில்லா அலைச்சலை நினைந்து இரங்குவன. ஆங்கிலேயர் நாயின் பிடியைக் கண்டனர். நாம் அதன் பாட்டைக் கண்டோம். உடும்புப்பிடி என்பதும் முழுதும் ஒவ்வாது. உடும்பு இருந்த இடத்தில் பற்றிக்கொள்வது. வேட்டைநாயோ தடம்பற்றி முன்னே செல்வது. ஒரு கோட்டையைக் காத்து நிற்பதற்கு உடும்பு தகும். எட்டாண்டு ஆய்வுக்குத் தகாது. மேடு பள்ளம் பாராது வண்டியை இழுத்துச் செல்லும் எருதை, இடுக்கண் அழியாமை அதிகாரத்தில் வள்ளுவர் உவமையாக்கினார். 'டாகிட்' என்பதன் உட்பொருளுக்கு மிக அணித்தாக நிற்பது அந்தப் பகடே. எனினும் உவமையை அன்றாட உரைநடையில் பெயரடையாக்க இயலாது.

என் கருத்தில் 'விடாப்பிடியான' என்பதே தக்க பெயர்ப்பு. அது புகழ்ச்சியா இகழ்ச்சியா என்பதை அடுத்துவரும் சொல் முடிவு செய்யட்டும். ஆங்கிலச் சொல்லும் அவ்வாறே ஒரு காலைப் பழைய பொருளில் ஊன்றி நிற்கிறது. டார்வின் அடிக்கடி எடுத்தாண்ட கொச்சை வழக்கு ஒன்று, அந்தனி டிரோலப்பின் 1867ஆம் ஆண்டு நாவலிலும் இடம்பெறுகிறது. காசோலையைத் திருடியதாகப் பழிசுமத்தப்பட்டு மனமுடைந்த பாதிரியாருக்கு, செங்கல் அறுக்கும் முதியவர் ஒருவர் மழையில் நின்று சொல்லும் ஆறுதல் அது: காரியத்தை முடிப்பது இந்தக் குணம்தான் என்று. அம்முதியவரை விடாமுயற்சி, ஊக்கமுடைமை என மேடைத்தமிழில் பேசவைத்தால், அவர் செங்கற்சூளையை விட்டு நம் கல்லூரிக்கே விரிவுரையாற்ற வந்துவிடுவார். 'விடாப்பிடி' என்றால் அது அவர் வாயிலும் நிற்கும்.