1959-இல் சென்னை

ஒரு நகரத்தின் கதையை நூற்றாண்டுக் கணக்கில் படிப்பதைவிட, ஒரே ஆண்டை எடுத்துக்கொண்டு அந்தப் பன்னிரண்டு மாதத்தில் அங்கே என்னென்ன எழும்பின என்று பார்ப்பது எனக்குப் பிடிக்கும். சென்னைக்கு அப்படி ஓர் ஆண்டைச் சொல்லச் சொன்னால், தயங்காமல் 1959 என்பேன்.

அந்த ஆண்டு குடியரசு நாளுக்கு முந்தின நாள், ஜனவரி 25 அன்று, மெரினாவில் உழைப்பாளர் சிலை நிறுவப்பட்டது. அதுவரை சென்னையில் சிலை என்றால் பெரும்பாலும் ஆட்சி செய்தவர்களுக்கும் பெரிய மனிதர்களுக்கும்தான். தீவுத்திடல் பக்கம் போனால் வெள்ளைக்காரக் கவர்னர் மன்றோ துரை இன்றைக்கும் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். உழைப்பாளர் சிலையில் இருக்கும் நால்வருக்கோ பெயர் கிடையாது, பதவி கிடையாது. இடுப்பில் துண்டுத் துணி, எதிரே ஒரு பாறை. பக்கத்தில் போய் நின்று பாருங்கள். முதுகுத்தண்டு வளைந்திருக்கிறது, தொடையும் கெண்டைக்காலும் முறுக்கேறி நிற்கின்றன, நெம்புகிற கையில் தோள்பட்டை வரை பாரம் தெரிகிறது. நால்வரின் கவனமும் பாறைமேல்தான். பாறை நகர்ந்துவிட்டதா, நகரப்போகிறதா என்று சிற்பி சொல்லவில்லை. அந்தத் தருணத்தில் நிறுத்தியதுதான் அவருடைய மேதைமை.

அந்தச் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி, வங்காளத்துக்காரர். 1929 முதல் 1957 வரை சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் அவருடைய மாணவர். அதே 1959-இல் அதே கடற்கரையில் நேரு திறந்துவைத்த காந்தி சிலையும் ராய் சௌத்ரி செய்ததே. ஒரே ஆண்டில், ஒரே கடற்கரையில், தடியூன்றி நடக்கும் காந்தியும் பாறை நகர்த்தும் தொழிலாளிகளும் வந்து சேர்ந்தார்கள். 1923 மே 1 அன்று தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முறையாக மே தினம் கொண்டாடியதும் இந்த ஊர்க் கடற்கரையில்தான். தொழிலாளிக்குச் சிலை வைக்க இதைவிடப் பொருத்தமான மணல் கிடையாது.

கடற்கரையை விட்டு மவுண்ட் ரோடுக்கு வருவோம். ஆகஸ்ட் 23 அன்று அன்றைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் எல்.ஐ.சி. கட்டடத்தைத் திறந்துவைத்தார். 177 அடி உயரம். அன்றைக்கு இந்தியாவிலேயே உயரமான மாடிக் கட்டடம் அதுதான். அதற்குமுன் இந்த ஊர் பெரும்பாலும் செங்கல்லையும் சுண்ணாம்புக் காரையையும் நம்பிக் கட்டியது. சுவர்தான் பாரம் தாங்கும். மேலே போகப்போகக் கீழ்ச்சுவர் தடித்துக்கொண்டே போகும். கான்கிரீட் தூண்களும் உத்தரங்களும் அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தன. வெளியூரிலிருந்து வந்த சனம் அண்ணாந்து பார்த்துவிட்டு ஊர் திரும்பிக் கதை சொன்னது. ஒருவன் பட்டணம் வந்துவிட்டான் என்று காட்ட வேண்டுமானால் சென்ட்ரல் ஸ்டேஷன், அடுத்து எல்.ஐ.சி. என்று நம் சினிமாக்காரர்கள் எத்தனையோ படத்தில் காட்டிவிட்டார்கள்.

இந்தக் கட்டடத்தை நினைத்தவர் அதைப் பார்க்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. ஐ.ஓ.பி. வங்கியை 1937-இல் தொடங்கிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், தம்முடைய யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தொடங்கிய வேலை இது. 1954 மார்ச்சில் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்துபோனார். 1956-இல் ஆயுள் காப்பீடு அரசுடைமை ஆனதும் கட்டடம் எல்.ஐ.சி. கைக்கு வந்தது. வரைபடம் போட்ட பிரௌன், மௌலின் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர்கள் பாதியில் விலக, எல்.எம். சித்தாலே முடித்துக்கொடுத்தார். 1975-இல் பெரும் தீ விபத்து. அதையும் தாண்டி நிற்கிறது.

நடுவில், ஜூலை 31 அன்று, ஐ.ஐ.டி. தொடங்கப்பட்டது. 1956-இல் நேரு மேற்கு ஜெர்மனி போனபோது பிறந்த பேச்சு அது. கவர்னர் மாளிகையைச் சேர்ந்த கிண்டிக் காட்டில் ஒரு பெரும்பகுதியைக் காமராஜர் அரசு தூக்கிக்கொடுத்தது. ஜெர்மன் பேராசிரியர்களும் இயந்திரங்களும் வந்து இறங்க, மரங்களுக்கு நடுவே பட்டறைகளும் வகுப்புகளும் எழும்பின. மாணவர் விடுதிகளுக்குக் காவிரி, கிருஷ்ணா என்று நதிப் பெயர்கள். வெளிமானும் புள்ளிமானும் இன்னமும் அங்கே மேய்கின்றன. இத்தனை பெரிய கல்வி நிலையத்தைக் காட்டை முழுக்க வழித்துப்போடாமல் கட்டினார்களே, அதற்காகவே அந்தத் தலைமுறையைக் கும்பிட வேண்டும்.

அரசியலும் அந்த ஆண்டு சும்மா இருக்கவில்லை. மாநகராட்சித் தேர்தலில் வென்று தி.மு.க. முதன்முறையாக மேயர் நாற்காலியில் அமர்ந்தது. ஜூனில் ராஜாஜி இதே ஊரில் சுதந்திரா கட்சியை அறிவித்தார். கோட்டையில் காமராஜர், ரிப்பன் மாளிகையில் தி.மு.க., எதிர்த்து நிற்க ராஜாஜி. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மூன்று நம்பிக்கைகள் ஒரே நகரத்தில் மூச்சுவிட இடம் இருந்தது.

இவ்வளவையும் சொல்லும்போது ஒரு மனக்குறை எனக்கு உண்டு. பாரம்பரியக் கட்டடம் என்றாலே நமக்குச் சிவப்புச் செங்கல்லும் குவிமாடமும்தான் கண்ணில் வருகின்றன. வெள்ளைக்காரன் கட்டியதைக் காக்கத் துடிக்கிறோம். சுதந்திரத்துக்குப் பிறகு நாமே கட்டியதைப் பழைய கான்கிரீட் என்று ஒதுக்குகிறோம். இது சரியல்ல. எல்.ஐ.சி.யும் உயர் நீதிமன்றத்தைப் போலவே இந்த ஊரின் சொத்து.

இன்னொன்றும் இருக்கிறது. மேலே நான் எழுதிய பெயர்களைப் பாருங்கள்: திறந்துவைத்தவர், பணம் போட்டவர், வரைபடம் போட்டவர். 177 அடிக்குக் கம்பி கட்டியவரும், சாரம் ஏறியவரும், தலையில் சிமென்ட் சட்டி சுமந்த சித்தாளும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. உழைப்பாளருக்குச் சிலை வைத்த அதே ஆண்டில் உழைத்தவர்கள் அவர்கள். இன்று இருந்தால் எண்பது, தொண்ணூறு வயது இருக்கும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு தாத்தா, பாட்டி இருந்தால் உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். கூலி எவ்வளவு, மேஸ்திரி யார், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். பத்திரிகைக்கு அனுப்பினால் நான் முதல் ஆளாகப் படிப்பேன்.