சமாதானப் பேச்சில் குழந்தைக்கு இடமில்லையா?

1919ஆம் ஆண்டில் பிரிட்டனில் இரு நிகழ்ச்சிகள் நடைபெற்றன. வேல்ஸ் பகுதியிலுள்ள அபெரிஸ்ட்வித் கல்லூரியில் பன்னாட்டு அரசியலுக்கென முதற் பேராசிரியர் பதவி நிறுவப்பட்டது. முதல் உலகப் போரைப் போன்ற பேரழிவு மீண்டும் நேராதிருக்க அறிவின் வழியே விடை காண வேண்டும் என்பது அதன் நோக்கம். அதே ஆண்டில் இலண்டன் மாநகரில் எக்லண்டைன் ஜெப் என்னும் பெண்மணி, போர் ஓய்ந்த பின்னும் நீடித்த கடல் முற்றுகையால் பட்டினியில் வாடிய ஆஸ்திரியக் குழந்தைகளின் நிலையைத் துண்டறிக்கையாக அச்சிட்டு வழங்கினார். அதற்காகக் கைது செய்யப்பட்டு, ஐந்து பவுன் அபராதமும் செலுத்தப் பணிக்கப்பட்டார்.

ஒன்று, போரின் காரணத்தை ஆராயப் பிறந்த கல்வி. மற்றொன்று, போரின் விளைவைச் சுட்டிக் காட்டிய குரல். இவ்விரண்டும் கைகோத்திருக்க வேண்டுமன்றோ? கோக்கவில்லை. ஜெப் அம்மையார் வரைந்த குழந்தை உரிமைப் பிரகடனத்தை 1924இல் சர்வதேச சங்கம் ஏற்றுக்கொண்டது. பன்னாட்டு அரசியல் அறிஞர்களோ அரசுகளையும் படைகளையும் உடன்படிக்கைகளையுமே எண்ணிக்கொண்டிருந்தனர். அலிசன் வாட்சன், ஹெலன் புரோக்கிள்ஹர்ஸ்ட் ஆகிய ஆய்வாளர்கள் இத்துறையில் குழந்தையின் இடம் யாது என வினவித் தம் எழுத்துகளை வெளியிட்ட ஆண்டு 2006. இடையே கழிந்தவை ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள்!

குழந்தைகள் தேர்தலில் வாக்களிப்பதில்லை, உடன்படிக்கையில் கையொப்பமிடுவதில்லை, ஆதலால் அவர்கள் அரசியல் ஆய்வுக்கு உரியரல்லர் என்று வாதிடுவோர் உளர். அவர்கள் கொலம்பிய நாட்டைச் சற்றே திரும்பிப் பார்க்கட்டும். 1996 அக்டோபரில் அங்கே தங்களுக்கென நடத்தப்பெற்ற வாக்கெடுப்பில் 27 இலட்சம் சிறுவர் சிறுமியர் கலந்துகொண்டு, உயிர் வாழும் உரிமையையும் அமைதிக்கான உரிமையையும் முதன்மையாகத் தேர்ந்தனர். மறு ஆண்டு, பெரியவர்கள் சுமார் ஒரு கோடிப் பேர் அமைதிக்கென வாக்களித்தனர். முன்னே சென்றவர் யார்? பின்னே தொடர்ந்தவர் யார்?

அந்நாட்டில் அரசுக்கும் பார்க் கொரில்லாப் படைக்கும் இடையே உடன்படிக்கை ஏற்பட்டது 2016இல். 1996 தொடங்கி அதுவரையிலான இருபது ஆண்டுகளில் குறைந்தது 18,677 சிறார்களை அப்படை தன்னிடம் சேர்த்துக்கொண்டது என அமைதிக்கான சிறப்பு நீதி அமைப்பு 2021இல் அறிவித்தது. துப்பாக்கி ஏந்தப் போதிய வயது, கருத்துரைக்கப் போதாத வயதாகிவிடுமோ?

1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கையை அமெரிக்கா நீங்கலாக ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பு நாடுகள் யாவும் ஏற்றுள்ளன. தன்னைப் பாதிக்கும் எல்லா விவகாரங்களிலும் கருத்துரைக்கும் உரிமையை அதன் 12ஆம் பிரிவு குழந்தைக்கு வழங்குகிறது. போரினும் அதிகமாகக் குழந்தையைப் பாதிக்கும் விவகாரம் எது? ஆயினும், பாதுகாப்புச் சபை 2015இல் நிறைவேற்றிய 2250ஆம் தீர்மானம், அமைதிப் பணியில் இளைஞர்க்குப் பங்களிக்கக் கோரும்போது, இளைஞர் எனப்படுவோர் 18 முதல் 29 வயதினர் என்று வரையறுத்தது. பதினேழு வயதினர் வாசலுக்கு வெளியே நின்றனர்.

கிராசா மஷேல் அம்மையாரின் 1996ஆம் ஆண்டு அறிக்கையும், அதன்பின் 1999இல் வந்த பாதுகாப்புச் சபைத் தீர்மானமும் போரில் சிதையும் குழந்தைகளின் துயரை உலகின் முன் நிறுத்தின. அப்பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இரங்குவது வேறு, செவிசாய்ப்பது வேறு. கொல்லப்பட்டோர் இத்தனை, கடத்தப்பட்டோர் இத்தனை என எண்ணி முடித்ததோடு கடமை தீர்ந்துவிடுமா?

பிஞ்சு நெஞ்சங்களில் அரசியல் பாரத்தை ஏற்றலாமா என்று கேட்போரின் அக்கறை மெய்யானது. ஆனால் அப்பாரத்தை ஏற்றியவர் ஆய்வாளர் அல்லர். போரே முன்னதாக ஏற்றிவிட்டது. போகோட்டா நகரை ஒட்டிய காசூகா குடியிருப்பில் ஹெலன் பெரென்ட்ஸ் நடத்திய ஆய்வு, வன்முறை சூழ்ந்த அன்றாட வாழ்விலும் இளம் வயதினர் அமைதியைத் தாமே நெய்துகொள்வதைக் காட்டுகிறது. அவர்களைச் சமாதானத் தூதுவராக்கி மேடையில் நிறுத்த வேண்டியதில்லை. குழந்தையின் கண்ணீரைச் சேகரித்துப் பட்டம் பெறும் ஆராய்ச்சியும் வேண்டியதில்லை. பாதுகாப்பான முறையில், அவர்கள் விரும்பினால் மட்டும், கேளுங்கள் என்பதே நம் கோரிக்கை. பள்ளி எப்போது திறக்க வேண்டும், எந்தப் பாதையில் நடக்க அஞ்சுகிறார்கள், படையிலிருந்து மீண்ட தோழனை வகுப்பில் எப்படி ஏற்பது என்பனவற்றுக்கு அவர்களிடம் விடை உண்டு; தூதரிடம் இல்லை.

பெற்றோராகிய நாம் இதனை நன்கறிவோம். ஒரு வீட்டில் சச்சரவு மூண்டால் அதன் காரணத்தைக் குழந்தையிடம் எவரும் சொல்வதில்லை; ஆயினும் முழுவதையும் அறிந்திருப்பது அக்குழந்தையே. பெரியவர்கள் கையொப்பமிடும் சமாதானத்தில் வாழப்போகிறவர்களும் அவர்களே. வாழப்போகிறவரைக் கேளாது கட்டிய வீடு எத்தனை நாள் நிற்கும்?