தோட்டப் பாடசாலைகளும் மாணவர் வரவும்

மாணவர் ஒழுங்காக வருவதில்லை. வருவோரும் படிப்பில் ஊக்கங் காட்டுவதில்லை. ஆதலினால் பரீட்சைப் பெறுபேறுகள் தாழ்ந்து கிடக்கின்றன. மலைநாட்டுத் தோட்டப் பாடசாலைகளைப் பற்றிப் பேச்செழுமிடமெல்லாம் இம்மூன்று குறைகளே முதலிற் கூறப்படுகின்றன. கூறுவோர் பழியைப் பிள்ளையின் சோம்பல் மீதும் பெற்றாரின் அறியாமை மீதும் ஏற்றிவிட்டு அமைதியடைகின்றனர். நம் கல்லூரி விழாக் கொண்டாடும் இவ்வேளையில், கல்வியாற் பயன்பெற்ற பழைய மாணவராகிய நாம் இத்தீர்ப்பு முறையானதுதானா என ஆராய்தல் கடனாகும்.

கினிகத்தேனையை எடுத்துக்கொள்வோம். கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக அட்டனை நோக்கி ஏறுவோர்க்கு மலைநாட்டின் வாயில்போல் அமைந்த ஊர் இது. தென்மேற்குப் பருவக்காற்று வந்து மோதுஞ் சரிவில் இருத்தலால், இவ்வூரும் அயலிலுள்ள வட்டவளையும் இலங்கையிலே மிகுந்த மழை பெறும் இடங்களுட் சேர்ந்தவை. ஆண்டுக்கு ஏறக்குறைய 200 அங்குல மழை இப்பகுதியிற் பொழிகின்றது. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை வானம் வெளுப்பது அரிது. மேற்பிரிவு லயத்திலிருந்து ஒற்றையடிப் பாதையால் இறங்கிவரும் ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு சீருடைதான் உண்டெனின், திங்கட்கிழமை நனைந்த உடை செவ்வாய்க்கிழமைக்குள் உலர்வதெங்ஙனம்? தாய் காலையிலேயே பிரட்டுக்குப் போய்விடுகிறாள். கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட இயலாத நாளில் மூத்த பெண்பிள்ளையே அதற்குத் தாயாகிறாள். அந்நாட்களில் வகுப்பு இடாப்பில் இவர்களெல்லாரும் ஒரே வகையாக 'வராதோர்' எனக் குறிக்கப்படுகின்றனர். உடை உலராதவனும் தம்பியைப் பார்த்தவளும் பாடம் விளங்காமல் ஒளிந்தவனும் அங்கே ஒன்றே.

படிப்பில் ஊக்கமின்மை என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைக் கட்டளைச் சட்டமும், பின்னர் 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டமும் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மேல் வைத்தன. 1907இன் சட்டம் கருதியதோ ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளை மட்டுமே. விளைந்தவை பெரும்பாலும் ஓராசிரியர் பாடசாலைகள். ஐந்தாம் வகுப்போடு வழி அடைபட்டது. 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் முழுப்பயனை அடையவில்லை. அரசு அவற்றைப் பெருமளவிற் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலேயே. பள்ளி சென்ற மகனும் செல்லாத மகனும் ஒரே மலையில் ஒரே கூலிக்கு நின்றதைப் பல தலைமுறைகள் கண்ணாரக் கண்டன. அங்ஙனம் கண்டோர் படிப்பினால் என்ன பயன் என்று கேட்பாராயின், அதனை அறியாமை என்று தள்ளிவிடலாகுமா?

இன்று நிலை மாறியிருக்கின்றது. ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத தேசியக் கல்வியியற் கல்லூரியிலே தோட்டத்துப் பிள்ளைகளே பயின்று ஆசிரியராயினர். கட்டாயக் கல்வி விதி 1998 முதல் நடைமுறைக்கு வந்தது. 2016இல் அதன் வயதெல்லை பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்தப்பட்டது. எனினும், பதினைந்து வயதில் கொழும்புக் கடைக்குப் பஸ் ஏறும் பையனைச் சட்டம் மட்டும் தடுத்துவிடவில்லை.

வராதோர்க்குத் தண்டமும் வந்தோர்க்குப் பரிசும் போதும் என்பர் சிலர். வரவுப் பரிசு பெரும்பாலும் பாடசாலைக்கு அருகே வீடுடைய பிள்ளைக்கே சேரும். தண்டமோ, முன்னரே வர அஞ்சுபவனை முற்றாக நிறுத்திவிடும். தடையை நீக்கினாற் பிள்ளை தானே வரும் என்பதற்குத் தமிழ்நாடு சான்று. காமராசர் 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடக்கிவைத்தார். 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022இல் காலையுணவும் சேர்ந்தது. பசித்த பிள்ளைக்கு அறிவுரை கூறாது உணவிட்டமையே அவற்றின் சிறப்பு. நம் நாட்டிலும் பாடசாலை உணவுத் திட்டம் 2024இல் ஆரம்பப் பிரிவு மாணவர் யாவர்க்கும் விரிக்கப்பட்டது.

ஆயினும், உணவு பிள்ளையை வாயில் வரை கொணரும். வகுப்பில் இருத்துவது கற்றலே. மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாதவன் எட்டாம் வகுப்பில் ஊமைபோல் அமர்ந்திருக்கிறான். நாள்தோறும் தன் இயலாமையைப் பிறர் காண நேரும் இடத்துக்கு எவன்தான் விரும்பி வருவான்? வரவு உயர்ந்தாற் கல்வி உயரும் என்று நாம் கூறிவருகிறோம். கல்வி விளங்கினால் வரவு உயரும் என்பதே முதன்மையாகக் கொள்ளத்தக்கது என்பது என் துணிபு.

ஆகவே, செய்யத்தக்கவை பெருஞ்செலவினவல்ல. வராத பிள்ளையின் பெயருக்கெதிரே வராத காரணத்தையும் ஒரு சொல்லில் வகுப்பாசிரியர் எழுதிவைப்பாராக. மாதமொருமுறை அதிபர் அதனைப் படித்துப் பார்ப்பாராக. எக்காரணம் எத்தனை முறை வந்தது என்று தெரிந்தாலே பரிகாரமும் தெரியும். இரண்டாம் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை வாசிப்புக்கென நாளொன்றுக்கு ஒரு பாடவேளை ஒதுக்குக. உயர்தரம் முடித்து வேலையின்றியிருக்கும் தோட்டத்து இளைஞரைச் சிறு வேதனத்தோடு அதற்குத் துணையாக அமர்த்தலாம்.

இவ்விடத்திற் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். விழாக்காலத்திலே தோரண வாயிலும் ஞாபகார்த்த மண்டபமும் எழுப்புதல் நம் வழக்கம். அவற்றை வேண்டாமென்பேனல்லேன். விழா நிதியில் ஒரு பங்கையாவது கினிகத்தேனை போன்ற மழைப்பகுதிப் பாடசாலை ஒன்றுக்கு இரண்டாவது சீருடையாகவும், குடையாகவும், வாசிப்புத் துணையாசிரியரின் வேதனமாகவும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து அளிப்போமாக. ஒருமுறை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதால் யாதொரு பயனுமில்லை. பிள்ளை ஒன்று வாசிக்கத் தொடங்கி ஐந்தாம் வகுப்பைத் தாண்டும்வரை உடன்நிற்றல் வேண்டும்.

1848இல் நாவலர் பெருமான் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபோது, நம் பிள்ளைகளின் கல்விக்கு நாமே பொறுப்பு என்னும் உணர்வு விதைக்கப்பட்டது. இந்துக் கல்லூரிகள் அவ்வுணர்வின் விளைச்சல்களே. அதில் வளர்ந்த நாம் 'நம் பிள்ளைகள்' என்னும் சொல்லில் லயத்துப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்வோமாயின், அதுவே இவ்விழாவின் நிலைத்த பயனாகும். வாழ்க நம் கல்லூரி!